கன்னியப்பனைக் கேட்டால் காட்டுவார்

ஒரு வாரமாக எங்கள் பிரவுசிங் சென்டர் அமைதியாக இருக்கிறது. சிபியூவுக்குள் ஃபேன் சுற்றுகிற சத்தம்கூடக் கேட்கிறது.

வருகிறவர்கள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "இன்னாபா, ஒடம்பு கிடம்பு செரியில்லியா?" என்கிறார்கள். வழக்கமாக ரிசல்ட் பார்க்க வருகிறவனிடம், "ஃபெயிலு மாமு, ஆட்டோ ஓட்டக் கத்துக்கோ" என்று சொல்லி, அவன் முகம் வெளுத்த பிறகுதான் ஸ்கிரீனைத் திருப்புவேன். இந்த வாரம் திருப்பிக் காட்டிவிட்டு சும்மா இருந்தேன். பாஸ் ஆனவனே பயந்துவிட்டான்.

இந்தப் பக்கத்தை வாராவாரம் படிக்கிற உங்களுக்குத் தெரியும் — என் பிழைப்பே அடுத்தவனைக் கலாய்ப்பதுதான். ஹவுஸ் ஓனர், கவுன்சிலர், ஷேர் ஆட்டோ டிரைவர், என் சொந்தத் தாய்மாமன்... யாரை விட்டேன்? இந்த வாரம் மாட்டியிருக்கிற ஆள் நான்தான். நன்றாக ஓட்டலாம் என்று பேனாவை எடுத்தேன். வரவில்லை. நேராகச் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் சென்டர் திருவொற்றியூரில், ஒரு மாடிப்படிக்குக் கீழே இருக்கிறது. பிளைவுட் தடுப்பு, டயல்-அப் கனெக்‌ஷன். ஒரு பக்கம் திறப்பதற்குள் வெளியே போய் ஒரு வடை தின்றுவிட்டு வரலாம். பிளஸ் ஒன் பாதியில் பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் ஒத்துவரவில்லை. ஆனால் டைப்பிங் மட்டும் ரயில் மாதிரி ஓடும். அதனால்தான் ஷீலா மேடம் என்னைத் தேடி வந்தார்.

மேடத்துக்கு வீடு ராயபுரம். அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து மொத்த விலை மளிகைக் கடை வைத்திருப்பவர். மகள் கல்லாவில் உட்காருவாள் என்று பார்த்தால், டாக்டர் பட்டம் வாங்குகிறேன் என்று செடி பார்க்கப் போய்விட்டார்.

எங்கே? அத்திப்பட்டு தாண்டி. அனல்மின் நிலையத்துப் புகைபோக்கிகளுக்குப் பின்னால், வனத்துறை கம்பிவேலி போட்ட ஒரு காடு இருக்கிறது. காடு என்றதும் சினிமாக் காட்டை நினைக்காதீர்கள். மணல்மேடு, முள்ளுப்புதர், ஓரமாகக் கழிமுகத் தண்ணீர், அதில் அலையாத்தி மரங்கள். வேலிக்கு இந்தப் பக்கம் லாரியும் சாம்பலும். அந்தப் பக்கம் மேடத்தின் ராஜ்ஜியம்.

மேடம் அங்கே இருக்கிற செடியை எல்லாம் போட்டோ எடுத்து, பேர் எழுதிக்கொண்டு வருவார். நான் அதை ஒரு வெப்சைட்டில் ஏற்ற வேண்டும். பாதுகாக்கப்பட்ட காடுகளில் எங்கே என்ன செடி இருக்கிறது என்று யார் வேண்டுமானாலும் பார்க்கிற மாதிரி, பெங்களூரில் சில பேர் சேர்ந்து நடத்துகிற டேட்டாபேஸ் அது. ஒரு செடிக்கு ஒரு பக்கம். லத்தீன் பேர், தமிழ்ப் பேர், பூக்கிற காலம், இடம், குறிப்பு... என்று கட்டம் கட்டமாக இருக்கும். நிரப்பி சேவ் கொடுத்தால் போதும், அமெரிக்காவில் இருக்கிறவனும் பார்ப்பான்.

கடைசியில் ஒரு வரி வரும் — 'பதிவு செய்தவர்'. அங்கே என் பேர்!

உன் பேர்தான் வாராவாரம் பத்திரிகையில் வருகிறதே என்பீர்கள். சார், இது மறுநாள் பஜ்ஜி மடிக்கப் போய்விடும். அது நிற்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மேடம் என்னையும் காட்டுக்கு அழைத்துப் போனார். கேட்டில் கன்னியப்பன் அண்ணன் நின்றார். காக்கிச் சட்டை, கீழே லுங்கி. தினக்கூலி வாட்சர். தலை நரைத்துவிட்டது, இன்னும் தினக்கூலிதான். இந்த வருஷமாவது பர்மனென்ட் ஆக்கிவிடுவார்கள் என்று ஆபீசில் பேச்சு இருந்தது.

"அண்ணே, இந்தச் செடிக்கு இன்னா பேரு?" என்று சும்மா சீண்டினேன்.

"செடி" என்றார்.

"அது?"

"அதுவும் செடிதான் நைனா. பேரெல்லாம் மேடத்தாண்ட கேளு. உள்ள யாரு வரான், யாரு போறான்... அத்த என்னாண்ட கேளு."

அன்றைக்குத்தான் அந்தப் பூவைப் பார்த்தேன். மணல்மேட்டுச் சரிவு பூராவும் கொடி. மணலி ரிஃபைனரியில் ராத்திரி புகைக்குழாய் உச்சியில் எரியுமே, அந்தத் தீ மாதிரி சிவப்பும் மஞ்சளுமாக இதழ்கள் மேல்நோக்கி நின்றன. செங்காந்தள். நம் மாநிலப் பூவே அதுதான் என்று மேடம் சொன்னார். அடியில் இருக்கிற கிழங்கு விஷம். ஆனால் மருந்து செய்கிறவர்கள் நல்ல விலைக்கு வாங்குவார்களாம். அதனால் பல இடத்தில் தோண்டியே காலி பண்ணிவிட்டார்களாம்.

திரும்பி வரும்போது மேடம் கண்டிப்பாகச் சொன்னார்.

"தம்பி, இதுக்கு மட்டும் இடம்ங்கற கட்டத்துல மாவட்டப் பேர் போட்டா போதும். வேற ஒண்ணும் போடாத. பூ பாக்க வர்றவன் நெட்ல தேட மாட்டான். கிழங்கு தோண்டுறவன் தேடுவான்."

புரிந்ததா? புரிந்தது. தலையை ஆட்டினேன். சொன்னபடியே மாவட்டப் பேர் மட்டும் போட்டேன்.

இங்கேதான் என் தோஸ்து பாபு உள்ளே வருகிறான். மீன்பிடி துறைமுகத்தில் ஐஸ் உடைக்கிற வேலை. என்னைக் கலாய்க்கிற ஒரே ஆள். அவனைக் கூப்பிட்டு உட்கார வைத்து, இன்டர்நெட்டில் என் பேரைக் காட்டினேன்.

"பேரு கீது மாமு, செரி. இந்தப் பூவு எங்க கீது?"

"நம்ம அத்திப்பட்டாண்டதான்டா."

"அத்திப்பட்டுல பூவா? சாம்பல்தான்டா கீது! சும்மா எங்கேர்ந்தோ போட்டோ சுட்டுப் போட்டுகினு உதார் வுடாத. மெய்யாலுமே கீதுன்னா, எங்க கீதுன்னு போட வேண்டியதுதானே?"

"போடக் கூடாதுன்னு மேடம் சொல்லிகீது."

"சொல்லும் சொல்லும். நீ போய்ப் பாத்தாதானே போடுவ!"

இதைக் கேட்டபிறகு எவனாவது சும்மா இருப்பானா? நான் இருக்கவில்லை. மேடம் சொன்னது 'இடம்' கட்டத்தைப் பற்றித்தானே? 'குறிப்பு' கட்டத்தைப் பற்றி ஒன்றுமே சொல்லவில்லையே! என்ன ஒரு மூளை பாருங்கள். பிளஸ் ஒன்னில் இந்த மூளை எங்கே போயிருந்ததோ...

பாபு பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க, குறிப்புக் கட்டத்தில் தட்டினேன். இங்கிலீஷ் எழுத்தில், ஆனால் சுத்தத் தமிழில்:

'அத்திப்பட்டு ஸ்டேஷனில் இறங்கி ஷேர் ஆட்டோ. பழைய எடைமேடை தாண்டி மண் ரோடு. கடைசியில் ஃபாரஸ்ட் கேட். அங்கே கன்னியப்பன் அண்ணனைக் கேட்டால் காட்டுவார்.'

உங்களுக்குச் சிரிப்பு வரலாம். ஆனால் எங்கள் பக்கத்தில் வழி சொல்வது என்றால் இப்படித்தான். டோர் நம்பர் சொன்னால் போஸ்ட்மேனே முழிப்பார். 'சைக்கிள் கடை ராஜிக்கு எதிர் வூடு' என்றால் கண்ணை மூடிக்கொண்டு வருவார். ரோடு மாறும், பஸ் ஸ்டாப் மாறும், கம்பெனிக்காரன் காம்பவுண்டைத் தள்ளிக் கட்டுவான். ஆள் மட்டும் அங்கேயே இருப்பார். அதனால் ஆளைச் சொல்லாமல் இடத்தைச் சொல்ல எங்களுக்கு வராது. அந்த வரியை டைப் செய்தபோது, ஒரு நல்ல மனுஷனின் பேரை உலகத்துக்கே சொல்லிவிட்டேன் என்ற சந்தோஷம்கூட இருந்தது.

பாபு ஒத்துக்கொண்டான். "செரி மாமு, நீ போய்கீற."

அதோடு நான் அதை மறந்துவிட்டேன்.

போன வாரம் சென்டர் வாசலில் கன்னியப்பன் அண்ணன் வந்து நின்றார். காக்கிச் சட்டை இல்லை. முதலில் ஆளே அடையாளம் தெரியவில்லை.

"மேடம் போன் நம்பர் வோணும் நைனா. வேலைக்கு வராதன்ட்டாங்கோ."

"இன்னாண்ணே ஆச்சு? கேட்டாண்ட தூங்கிட்டியா?" என்றேன். பழக்கதோஷம்.

அவர் சிரிக்கவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்து சொன்னார்.

"ஒரு டெம்போ வந்துச்சு. டீஜென்ட்டா நாலு பேரு. எறங்கினவொடனே, 'கன்னியப்பன் அண்ணன் யாரு?'ன்னு கேட்டானுங்கோ. எனக்கு ஒண்ணும் பிரியல. இம்மாம் வருசமா அந்த கேட்டாண்ட நிக்கறேன். ஆபீசரே 'யோவ் வாட்சர்'னுதான் கூப்புடுவாரு. எம் பேரக் கேட்டுகினு ஒருத்தன் வந்தா, மேடம் ஆளுன்னுதானே நெனப்பேன்?"

என் கை கீபோர்டின் மேல் அப்படியே நின்றது.

"கையில இன்னாவோ பேப்பரு வெச்சிருந்தானுங்கோ. இங்கிலீசு எழுத்து. நானே இட்டுகினு போயி பூவக் காட்டினேன். மண்ணு சாம்பிளு எடுக்கணும், மம்முட்டி கீதான்னான் ஒருத்தன். கீதுபான்னு எடுத்துக் குடுத்துட்டு கேட்டாண்ட வந்துட்டேன்."

"அப்பால?"

"அப்பால இன்னா... பின்னால வேலிய வெட்டிகினு, மூட்டை கட்டி ஏத்திகினு பூட்டானுங்கோ. சாயங்காலம் போயிப் பாக்கறேன், மணலு பூரா பள்ளம். பன்னி நோண்டினா மாறி. பள்ளத்தாண்ட எம் மம்முட்டி கெடக்குது. ஆபீசர் அத்த எடுத்துக் காட்டி, 'எவ்ளோ வாங்கின?'ங்கறாரு. நான் இன்னா சொல்லுவேன்?"

அப்போதே சொல்லியிருக்கலாம். அவர் எதிரில்தான் உட்கார்ந்திருந்தார். வாய் வரைக்கும் வந்தது. ஒரு துண்டுச் சீட்டில் மேடத்தின் நம்பரை எழுதிக் கொடுத்து அனுப்பிவைத்தேன்.

அவர் தெருமுனை திரும்பும் வரை பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு அந்தப் பக்கத்தைத் திறந்தேன். குறிப்புக் கட்டத்தைக் காலி பண்ணினேன். சேவ். எப்போதும் நொண்டுகிற கனெக்‌ஷன் அன்றைக்கு மட்டும் குதிரை மாதிரி ஓடியது.

அப்பாடா என்று இருந்தது. வெட்கமாக இருக்கிறது, ஆனால் உண்மை. அப்பாடா என்றுதான் இருந்தது.

மறுநாள் காலையில் ஷட்டரைத் தூக்கும்போதே மேடம் வந்துவிட்டார்.

"தம்பி, செங்காந்தள் பக்கத்தை ஓபன் பண்ணு."

"எதுக்கு மேடம்?"

"அவர் பேரைச் சொல்லிக் கேட்டிருக்காங்க. கையில பேப்பர் இருந்திருக்கு. அப்போ எங்கயோ அவர் பேர் இருக்கணும்ல? அது மட்டும் கிடைச்சா போதும். பிரின்ட் எடுத்துட்டு நேரா ரேஞ்சர்கிட்ட போறேன். பேரும் வழியும் ஊருக்கே தெரிஞ்சு கிடக்கு, அந்த மனுஷன் வித்தார்னு எப்படிச் சொல்றீங்கன்னு கேக்கறேன்."

பக்கம் மெல்லத் திறந்தது. முதலில் பூவின் தலை, பிறகு தண்டு, பிறகு கட்டங்கள். குறிப்பு — காலி.

"இல்லையே..." என்றார். முகம் தொங்கிவிட்டது.

நான் என் தப்பை அழித்ததாக நினைத்துக்கொண்டிருந்தேன். அழித்தது அவருக்கு இருந்த ஒரே சாட்சியை.

சொல்லிவிட்டேன். எழுதியதையும் சொன்னேன், அழித்ததையும் சொன்னேன். பாபு சீண்டியதைச் சொல்ல ஆரம்பித்து, அதையும் ஒரு சாக்காகச் சொல்கிறேனே என்று பாதியில் நிறுத்தினேன்.

மேடம் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை. என்னை உற்றுப் பார்த்தார்.

"என் முகத்தைப் பாத்துச் சொல்லு. இது உன் வழக்கமான கலாட்டா இல்லையே?"

இதைவிட அவர் ஓர் அறை விட்டிருக்கலாம்.

பெங்களூருக்கு மெயில் போட்டோம், பழைய பக்கம் இருக்கிறதா என்று. 'பார்த்துச் சொல்கிறோம்' என்று ஒரு வரி வந்தது. அதோடு சரி. காத்திருக்க நேரமில்லை. மேடம், கன்னியப்பன் அண்ணன், நான், சாட்சிக்குப் பாபு — நான்கு பேரும் ஃபாரஸ்ட் ஆபீசுக்குப் போனோம்.

ரேஞ்சர் கெட்டவர் இல்லை. உட்காரச் சொன்னார். நான் உட்காரவில்லை. நின்றபடியே முழுவதையும் சொன்னேன். வாழ்க்கையில் முதல் தடவையாக, நடுவில் ஒரு ஜோக்குகூட இல்லாமல் பேசினேன்.

கேட்டு முடித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"ஏம்ப்பா, சாம்பல் ஏரியில முதலை வந்திருக்குன்னு இங்க போன் பண்ணது நீதானே?"

ஆமாம், நான்தான். போன மழையில், பொழுது போகாமல் செய்தது. ஜீப் போய், வலை போய், சாயங்காலம் வரைக்கும் நின்றிருக்கிறார்கள்.

"குரலை மறக்க மாட்டேன். அதுக்கப்புறம் இன்னொருத்தன் பேசினான். 'ஆமா சார், நானும் பாத்தேன், வாய் இம்மாம் பெருசு'ன்னு..."

பாபு மெதுவாக என் முதுகுக்குப் பின்னால் நகர்ந்தான்.

"சார், அது வேற. இது மெய்யாலுமே..." என்றேன்.

"அந்தப் பக்கத்துல அப்படி எழுதியிருந்துதா மேடம்? நீங்க பாத்தீங்களா?"

மேடம் என்னைத் திரும்பிப் பார்த்தார். பொய் சொல்லியிருந்தால் வேலை முடிந்திருக்கும்.

"நான் பாக்கல சார். ஆனா இவன் சொல்றதை நம்பறேன். இவனை வேலைக்கு வெச்சது நான். தப்புன்னா காட்டுக்குள்ள போற என் பர்மிட்டை நிறுத்துங்க."

"நம்பிக்கையை வெச்சு நான் ரிப்போர்ட் எழுத முடியாதும்மா. காகிதம் ஏதாவது கொண்டாங்க, பாக்கலாம்." என் பக்கம் திரும்பினார். "வாட்சர் உனக்கு என்ன வேணும்? சொந்தமா? ஒரே ஏரியான்னு காப்பாத்த வந்தியா?"

அவ்வளவுதான். மறு உத்தரவு வரும்வரை கன்னியப்பன் அண்ணன் வேலைக்கு வர வேண்டாம். பர்மனென்ட் பேச்சை யாரும் எடுக்கவே இல்லை. இப்போது மணலியில் டேங்கர் லாரி கழுவப் போகிறார்.

வெளியே வந்தோம். மேடம் யாருடனும் பேசாமல் பஸ் ஏறிவிட்டார். பாபு ஐஸ் உடைக்க ஓடினான். ரோட்டோரம் நானும் கன்னியப்பன் அண்ணனும் மட்டும். இப்போது அடிப்பார், அடிக்கட்டும் என்று நின்றேன்.

அவர் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது.

"எனக்காவ இம்மாம் பெரிய பொய்ய சொல்ல வந்துகீறியே நைனா... எங்கூட்டுப் பசங்க கூட வந்திருக்காதுங்கோ."

"அண்ணே, பொய் இல்லண்ணே. நான்தான்ணே எழுதினேன். மெய்யாலுமே நான்தான்."

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். சுற்றும் முற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"அதான், அதான்! இப்புடியேதான் சொல்லணும். நாளைக்குப் பெரிய ஆபீசரு கூப்ட்டுக் கேட்டாலும் மாத்தாம சொல்லு. இன்னா?"

"அண்ணே..."

"ஒண்ணும் பேசாத. வா, ஒரு டீ அடிக்கலாம்."

டீக்கு அவர்தான் காசு கொடுத்தார். நானும் குடித்தேன்.